480 மாணவர்களா, 24 பாடசாலைகளா? பன்மட்டப் பகுப்பாய்வுக்கு ஒரு தொடக்கம்

திருகோணமலை மாவட்டத்தில் தரம் 10 மாணவர்களின் மனச்சோர்வு பற்றி ஒரு முதுகலைமாணி ஆய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகரம், கிண்ணியா, மூதூர், குச்சவெளி எனப் பரவலாக 24 பாடசாலைகள். ஒவ்வொன்றிலும் 20 மாணவர்கள், மொத்தம் 480 பேர். வினாக்கொத்துகள் நிரம்பி வந்து, எக்செலில் 480 வரிசைகளும் ஏறிவிட்டன. அடுத்து பெரும்பாலும் நடப்பது இதுதான்: இளமாணிப் பட்டத்தில் படித்த பிற்செலவுப் பகுப்பாய்வை (ஒரு காரணி மாறும்போது விளைவு எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் regression முறை) எடுத்து, எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் போட்டு, பி-மதிப்பு (உண்மையில் விளைவு இல்லாதபோதும் இப்படியொரு முடிவு வரக்கூடிய வாய்ப்பு) 0.05க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆய்வு தவறும் இடம் அதுதான்.

சாதாரணப் பிற்செலவு நியம வழுவை, அதாவது மதிப்பீடு எவ்வளவு தளம்பக்கூடும் என்ற அளவைக் கணிக்கும்போது ஓர் எடுகோளை வைத்துக்கொள்கிறது: ஒவ்வொரு வரிசையும் மற்றவற்றிலிருந்து சுயாதீனமானது. ஒரே பாடசாலையில் படிக்கும் இருபது பேருக்கு இது பொருந்தாது. அதிபர் ஒருவர், வகுப்பாசிரியர் ஒருவர், பரீட்சை நெருக்கடியும் ஒன்றே. சம்பூர்ப் பக்கத்தில் இடம்பெயர்ந்து மீண்ட ஊரின் பிள்ளைகளுக்குப் பொதுவான அனுபவம் ஒன்று இருக்கும். நகரத்தில் தனியார் வகுப்புகளுக்கு ஓடும் பிள்ளைகளுக்கு வேறொன்று இருக்கும். ஆகவே ஒரு பாடசாலையில் முதல் ஐந்து பேரின் புள்ளியைப் பார்த்துவிட்டால் ஆறாவது பிள்ளையின் புள்ளியைக் கொஞ்சம் ஊகிக்கலாம். அப்படி ஊகிக்க முடிகிற அளவுக்கு அந்த ஆறாவது வரிசை தரும் புதிய தகவல் குறைகிறது.

கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் தலா இருபது தடவை வெப்பமானியை இறக்கினால் 140 எண்கள் கிடைக்கும். ஆனால் கிணறுகளுக்கிடையே என்ன வேறுபாடு என்று கேட்டால், கையில் இருப்பவை ஏழு கிணறுகள்தான். பாடசாலைகளுக்கும் இதே கணக்குத்தான்.

இந்தச் சார்பைக் கணக்கில் எடுக்கும் முறைதான் பன்மட்டப் பகுப்பாய்வு. மாணவர் முதலாம் மட்டம், பாடசாலை இரண்டாம் மட்டம். இப்படி ஒன்றையொன்று சார்ந்த வரிசைகளின் கூட்டத்தைக் கொத்து என்பார்கள். உளவியலில் அது பாடசாலையாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. ஒரு சிகிச்சையாளரிடம் வரும் பலர், ஒரு குடும்பத்தின் உறுப்பினர்கள், ஒரே ஆள் பதினான்கு நாள் தொடர்ந்து நிரப்பும் மனநிலைக் குறிப்பு, எல்லாமே கொத்துகள்தான். கடைசியாகச் சொன்னதில் ஆளே இரண்டாம் மட்டம், அவருடைய நாட்கள் முதலாம் மட்டம்.

சார்பை அளப்பது எப்படி

முதலில் எந்தக் காரணியும் இல்லாத வெற்று மாதிரியுருவை (model) ஓட்டவேண்டும். ஆர் (R) மென்பொருளில் எல்எம்ஈ4 (lme4) பொதியைப் பயன்படுத்தினால் அதன் வடிவம் இப்படி இருக்கும்:

மனச்சோர்வு ~ 1 + (1 | பாடசாலை)

அடைப்புக்குள் இருக்கும் பகுதி, ஒவ்வொரு பாடசாலைக்கும் தனக்கென ஒரு வெட்டுத்துண்டு, அதாவது தொடக்க மட்டம், இருக்கட்டும் என்று சொல்கிறது. இதை எழுமாற்று வெட்டுத்துண்டு என்பார்கள். வெளியீட்டில் இரண்டு மாறற்றிறன்கள் (புள்ளிகள் எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவுகள்) வரும்: பாடசாலைகளுக்கிடையிலானது ஒன்று, பாடசாலைக்குள் மாணவர்களுக்கிடையிலானது மற்றது. உதாரணத்துக்கு முதலாவது 4, இரண்டாவது 36 என்று கொள்வோம். மொத்தம் 40. அதில் பாடசாலைகளின் பங்கு 4/40, அதாவது 0.10. இதற்குப் பெயர் உள்வகுப்பு இணைபு (intraclass correlation). ஒரே பாடசாலையில் எழுமாற்றாக எடுத்த இரு மாணவரின் புள்ளிகளுக்கிடையே எதிர்பார்க்கப்படும் இணைபும் இதே எண்தான்.

0.10 சின்ன எண்தானே என்று விட்டுவிடக் கூடாது. அதன் பாதிப்பைக் கொத்தின் பருமன் பெருக்கிவிடுகிறது. வடிவமைப்பு விளைவு என்ற எண்ணை இப்படிக் கணிக்கலாம்: கொத்தின் பருமனிலிருந்து ஒன்றைக் கழித்து, உள்வகுப்பு இணைபால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 19 × 0.10 + 1 = 2.9. மாணவர் தொகையான 480ஐ 2.9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 166. பாடசாலைகளை ஒப்பிடும் கேள்விக்கு உங்கள் 480 பேரும் 166 சுயாதீனமான ஆட்களுக்குச் சமம், அவ்வளவுதான்.

ஒரு முடிவு இதனால் எப்படிப் புரளும் என்று பார்க்கலாம். 24 பாடசாலைகளில் 12இல் முழுநேர ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கிறார், 12இல் இல்லை. இரு பக்கத்துக்கும் மனச்சோர்வுப் புள்ளியில் 1.5 வித்தியாசம். கொத்தைப் புறக்கணித்தால் நியம வழு 0.58, டி-மதிப்பு (வித்தியாசத்தை நியம வழுவால் வகுத்தது) 2.6, பி-மதிப்பு ஏறத்தாழ 0.01. பொருண்மையானது, அதாவது தற்செயலாக வந்ததல்ல, என்று எழுதிவிடுவீர்கள். பாடசாலைகளைக் கணக்கில் எடுத்தால் நியம வழு 0.98, டி-மதிப்பு 1.53, சுயாதீனப் பாகை (degrees of freedom; 24 பாடசாலைகளிலிருந்து இரு குழுக்களுக்காக 2 கழித்தது) 22, பி-மதிப்பு ஏறத்தாழ 0.14. தரவு அதேதான், வித்தியாசமும் அதே 1.5தான். ஆனால் முடிவு எதிர்ப்பக்கம் நிற்கிறது. உண்மையில் எந்த விளைவும் இல்லாத நிலையில், கொத்தைப் புறக்கணித்த சோதனை 5 வீதத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 25 வீதத் தடவைகளில் விளைவு உண்டு என்று சொல்லும். ஆசிரியர் நியமனம் போன்ற தீர்மானங்களுக்கு இந்த ஆய்வுகள் போய்ச் சேரக்கூடும் என்பதால் இது வெறும் நுணுக்கப் பிரச்சினையல்ல.

பலரும் தவறவிடும் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். வழு எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை. பாடசாலைக்குப் பாடசாலை மாறும் காரணிக்கு நியம வழு பொய்யாகச் சிறுக்கிறது. ஒரே பாடசாலைக்குள் மாணவருக்கு மாணவர் மட்டும் மாறும் காரணிக்கு அது சற்றுப் பெருத்துவிடும், இருக்கும் விளைவும் தப்பிப்போகலாம். ஆகவே பி-மதிப்பைக் கொஞ்சம் கடுமையாக்கினால் சரியாகிவிடும் என்ற குறுக்குவழி உதவாது.

மாதிரித் திட்டத்துக்கும் இதிலிருந்து ஒரு நேரடிப் பயன் உண்டு. அதே 24 பாடசாலைகளில் தலா 40 பேர் எடுத்து மொத்தத்தை 960 ஆக்கினால் வடிவமைப்பு விளைவு 4.9. பயனுள்ள மாதிரி ஏறத்தாழ 196. தலா 20 பேராக 48 பாடசாலைகளுக்குப் போனாலும் மொத்தம் அதே 960, ஆனால் பயனுள்ள மாதிரி ஏறத்தாழ 331. வெருகல் வரை பஸ் ஏறிப் போய் இன்னொரு பாடசாலையைச் சேர்ப்பது சிரமம்தான். ஆனால் பாடசாலைகளை ஒப்பிடும் கேள்விக்கு, நகரத்தில் ஏற்கெனவே போன பாடசாலையில் இன்னும் இருபது பேரைச் சேர்ப்பதைவிட அந்தப் பயணம் எவ்வளவோ மேல்.

ஒரே மாறியில் ஒளிந்திருக்கும் இரண்டு கேள்விகள்

இந்த முறையின் மிகப் பெரிய பயன் நியம வழுவைத் திருத்துவதல்ல. கலந்துபோன கேள்விகளைப் பிரித்துக் காட்டுவதுதான்.

பாடசாலை தன்னுடையது என்ற உணர்வை 10 முதல் 50 வரை அளக்கும் ஓர் அளவீடு இருக்கிறது. அந்த உணர்வு கூடினால் மனச்சோர்வு குறைகிறதா என்பது கேள்வி. ஒரு மாணவி 34 எடுத்திருக்கிறாள், அவளது பாடசாலையின் சராசரி 38. இன்னொரு மாணவியும் 34, ஆனால் அவளது பாடசாலையின் சராசரி 30. முதலாமவள் தன் சூழலில் ஒட்டாமல் நிற்பவள். இரண்டாமவள் தன் தோழிகளைவிட நன்றாக ஒட்டியவள். 34 என்ற மூலப்புள்ளியை அப்படியே போட்டால் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

செய்யவேண்டியது இரண்டு படி. முதலில் ஒவ்வொரு பாடசாலைக்கும் சராசரியைக் கணித்து ஒரு புதிய நிரலாக வையுங்கள். பிறகு மாணவரின் புள்ளியிலிருந்து அவரது பாடசாலைச் சராசரியைக் கழித்து இன்னொரு நிரலாக வையுங்கள். முதலாமவளுக்கு −4, இரண்டாமவளுக்கு +4 வரும். இரண்டு நிரல்களையும் சேர்த்தே மாதிரியுருவில் போடவேண்டும்:

மனச்சோர்வு ~ விலகல் + பாடசாலைச் சராசரி + (1 | பாடசாலை)

விலகலின் குணகம் −0.30 என்று வந்தால், தன் பாடசாலைத் தோழரைவிட 10 புள்ளி கூடுதலாக ஒட்டிய மாணவருக்கு மனச்சோர்வு 3 புள்ளி குறைவு என்று பொருள். சராசரியின் குணகம் −0.75 என்றால், சராசரி 10 புள்ளி கூடிய பாடசாலையில் சராசரி மனச்சோர்வு 7.5 குறைவு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வரும் −0.45தான் சூழல் விளைவு. தனிப்பட ஒரே அளவு ஒட்டிய இரு மாணவரில், சராசரி 10 புள்ளி கூடிய பாடசாலையில் இருப்பவருக்கு மனச்சோர்வு 4.5 குறைவு. மூலப்புள்ளியை மட்டும் போட்டிருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோவொரு கலவை எண் வந்திருக்கும். அது எந்தக் கேள்விக்கும் விடையல்ல.

இரண்டு மட்டங்களும் எதிரெதிர்த் திசையில்கூடப் போகலாம். 1950இல் டபிள்யூ. எஸ். ரொபின்சன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் 1930 சனத்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இதைக் காட்டினார். தனியாட்களாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம், இணைபு 0.118. மாநிலங்களாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தோர் கூடிய மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, இணைபு −0.526. குடியேறி வந்தவர்கள் எழுத்தறிவு கூடிய மாநிலங்களில் போய் வசித்ததுதான் காரணம். பாடசாலைச் சராசரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ‘மாணவர்கள் இப்படி’ என்று எழுதும் ஆய்வறிக்கைகள் இந்தப் பொறியில்தான் விழுகின்றன.

படித்திறனும் மாறலாம்

இதுவரை பாடசாலைக்குப் பாடசாலை வெட்டுத்துண்டு மட்டும் மாறியது. ஒட்டுணர்வுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பே ஓரிடத்தில் பலமாகவும் இன்னோரிடத்தில் பலவீனமாகவும் இருக்கலாம். அதற்கு அடைப்புக்குள் (1 + விலகல் | பாடசாலை) என்று எழுதி, படித்திறனையும் (அந்தத் தொடர்பைக் காட்டும் கோட்டின் சரிவை) எழுமாற்று விளைவாக்க வேண்டும். வெளியீட்டில் படித்திறனின் சராசரி −0.30, பாடசாலைகளுக்கிடையே அதன் நியம விலகல் 0.10 என்றால், ஏறத்தாழ 95 வீதமான பாடசாலைகளின் படித்திறன் −0.50க்கும் −0.10க்கும் இடையில் இருக்கும். எங்கும் ஒரே திசைதான். நியம விலகல் 0.20 என்றால் அந்த வீச்சு −0.70இலிருந்து +0.10 வரை விரியும். சில பாடசாலைகளில் தொடர்பே இல்லை, அல்லது திசை மாறுகிறது என்று அர்த்தம். சராசரியை மட்டும் எழுதுவோர் இந்த முக்கியமான செய்தியை விட்டுவிடுகிறார்கள்.

ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கும் பாடசாலைகளில் இந்தத் தொடர்பு வேறுபடுகிறதா என்று கேட்பது மட்டங்களுக்கு இடையிலான இடைத்தாக்கம். அதைச் சோதிக்கும்போது விலகலின் எழுமாற்றுப் படித்திறன் மாதிரியுருவில் இருந்தாகவேண்டும். விட்டால் பழைய கோளாறு, அதாவது பொய்யாகச் சிறுத்த நியம வழு, வேறு வாசலால் திரும்பி வரும்.

மென்பொருள் எச்சரிக்கை தருவதும் இந்தக் கட்டத்தில்தான். மாதிரியுரு ஒருங்கவில்லை, அதாவது கணிப்பு ஒரு நிலையான விடைக்கு வந்து சேரவில்லை, என்பது ஒரு வகை. ‘ஒருமைப் பொருத்தம்’ (singular fit) என்ற பொருளில் வருவது இன்னொரு வகை. இரண்டாவதைக் கண்டால் எழுமாற்று விளைவுகளின் அட்டவணையைப் பாருங்கள். ஏதாவது ஒரு மாறற்றிறன் பூச்சியமாக இருக்கும், அல்லது வெட்டுத்துண்டுக்கும் படித்திறனுக்கும் உள்ள இணைபு சரியாக +1 அல்லது −1 ஆக இருக்கும். 24 பாடசாலைகளின் தரவிலிருந்து அவ்வளவு நுணுக்கத்தைக் கறக்க முடியவில்லை என்பதே பொருள். படிப்படியாக இறங்குங்கள்: மாறிகளின் அலகுகள் ஒன்றுக்கொன்று மிகத் தூரமாக இருந்தால் (வருமானம் ரூபாயில், வயது ஆண்டில் என்று) முதலில் அவற்றை நியமப்படுத்துங்கள். அடுத்துக் கணிப்பு முறையை மாற்றிப் பாருங்கள். பிறகு வெட்டுத்துண்டு–படித்திறன் இணைபை நீக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் எழுமாற்றுப் படித்திறனை எடுங்கள். எந்தப் படியில் நின்றீர்கள் என்பதை ஆய்வறிக்கையில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். எச்சரிக்கையை மறைத்து அட்டவணையை மட்டும் ஒட்டுவது நேர்மையல்ல.

எத்தனை பாடசாலைகள் போதும்?

2005இல் மாஸ், ஹொக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட உருவகப்படுத்தல் ஆய்வில் (கணினியில் செயற்கைத் தரவை உருவாக்கிச் சோதிப்பது), இரண்டாம் மட்டத்தில் 50 அல்லது அதற்குக் குறைந்த கொத்துகள் இருக்கும்போது அந்த மட்டத்தின் நியம வழுக்கள் நம்பகம் குறைந்தன. திருகோணமலை போன்ற ஒரு மாவட்டத்துக்குள் நிற்கும் முதுகலைமாணி ஆய்வுக்கு 50 எட்டுவது கடினம்தான். 20 முதல் 30 வரை என்றால் செய்யலாம், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மதிப்பீட்டுக்கு மட்டுப்படுத்திய உயர்தகவு முறை (REML) வேண்டும். சுயாதீனப் பாகைக்குக் கென்வர்ட்–ரோஜர் திருத்தம் வேண்டும். எல்எம்ஈ4 மாதிரியுருக்களுக்குப் பி-மதிப்பு தரும் எல்மெர்டெஸ்ட் (lmerTest) பொதியில் அந்தத் திருத்தத்தை நீங்களாகத் தெரிவுசெய்யவேண்டும், இயல்பில் வருவது சாட்டர்த்வெயிட். நிலையான விளைவுகளில் வேறுபடும் இரு மாதிரியுருக்களைத் தகவு விகிதத்தால் (likelihood ratio) ஒப்பிடும்போது மட்டும் முழு உயர்தகவு முறைக்கு (ML) மாறவேண்டும். மட்டுப்படுத்திய முறையில் அந்த ஒப்பீடு செல்லாது.

பத்துக்கும் குறைந்த பாடசாலைகள்தான் என்றால் எழுமாற்று விளைவை விட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு போலி மாறி (அந்தப் பாடசாலை என்றால் 1, இல்லையென்றால் 0) வைத்துச் சாதாரணப் பிற்செலவு செய்யுங்கள். பாடசாலைக்குள் உள்ள தொடர்புகளை இது சரியாகவே மதிப்பிடும். ஆனால் பாடசாலை மட்டக் காரணி எதைப் பற்றியும் பேச முடியாது. எட்டுப் பாடசாலைகளை வைத்துக்கொண்டு 1ஏபி, 1சி, வகை 2 என்ற பாடசாலை வகைகளை ஒப்பிடும் கருதுகோளை எழுதாதீர்கள். எந்த மென்பொருளாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

தரவைத் திரட்டும்போதே கவனிக்கவேண்டியவை

வினாக்கொத்தில் பெயர் வேண்டாம், ஆனால் பாடசாலைக் குறியீடும் வகுப்புக் குறியீடும் கட்டாயம் வேண்டும். இவற்றை எழுத மறந்துவிட்டு எல்லாத் தாள்களையும் ஒரே கட்டாக அடுக்கிவிட்டால் பிறகு எதுவும் செய்ய முடியாது. குறியீடுகள் மாவட்டம் முழுவதற்கும் தனித்துவமாக இருக்கவேண்டும். எல்லாப் பாடசாலைகளிலும் ‘10அ’ என்று ஒரு வகுப்பு இருக்கும். அப்படியே பதிந்தால் மூதூரின் 10அவும் கிண்ணியாவின் 10அவும் ஒரே வகுப்பு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கைகூட வராது. ‘மூ03-10அ’ என்பது போல எழுதினால் சிக்கல் இல்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரே ஒரு வகுப்பை எடுத்திருந்தால், பாடசாலையின் பங்கையும் வகுப்பின் பங்கையும் பிரிக்கவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது ‘பாடசாலை மாறற்றிறன்’ என்று நீங்கள் எழுதுவது இரண்டும் சேர்ந்தது.

இந்த மாவட்டத்துக்கு உரிய இன்னொரு விடயம் மொழி. தமிழ்மொழிமூலப் பாடசாலைகளும் சிங்களமொழிமூலப் பாடசாலைகளும் சேர்ந்த மாதிரி என்றால், வினாக்கொத்து இரண்டு மொழிகளில் போகும். பாடசாலைகளுக்கிடையில் தெரியும் வேறுபாட்டில் ஒரு பகுதி, மொழிபெயர்ப்பில் ஒரு கூற்று கடுமையாகவோ மென்மையாகவோ ஒலித்ததால் வந்திருக்கலாம். இரண்டு வடிவங்களும் ஒரே பொருளை ஒரே அளவுகோலில் அளக்கின்றனவா என்று உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வால் முதலில் சோதியுங்கள். அதில் தேறாத கூற்றுகளை வைத்துக்கொண்டு பன்மட்ட மாதிரியுருவுக்குப் போனால், மொழிபெயர்ப்பின் கோளாறு பாடசாலை விளைவாக வேடம் போடும்.

மனச்சோர்வை அளப்பதென்றால் பெற்றோர் சம்மதம், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி, கல்வித் திணைக்களத்தின் அனுமதி இவற்றோடு, அதிக புள்ளி எடுக்கும் பிள்ளையை யாரிடம், எத்தனை நாளுக்குள் அனுப்புவது என்ற ஏற்பாடும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எல்லா மாணவருக்கும் அச்சிட்டுக் கொடுப்பது மிகக் குறைந்தபட்சம்.

பழகிக்கொள்ள ஒரு வழி

சொந்தத் தரவைத் தொடும் முன் செயற்கைத் தரவில் கையைப் பழக்குங்கள். ஆர் இலவசம். சொடுக்கித் தெரிவுசெய்யும் முறை வேண்டுமென்றால் ஜமோவியும் இலவசம், ஆனால் கீழே சொல்லும் பயிற்சிக்கு ஆர்தான் வசதி.

24 பாடசாலை விளைவுகளைச் சராசரி 0, மாறற்றிறன் 4 கொண்ட செவ்வன் பரம்பலிலிருந்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 மாணவர் மீதிகளைச் சராசரி 0, மாறற்றிறன் 36 கொண்ட பரம்பலிலிருந்து எடுத்துக் கூட்டுங்கள். எழுமாற்றாக 12 பாடசாலைகளுக்கு 1, மற்ற 12க்கு 0 என்று ஒரு குறி போடுங்கள். அந்தக் குறிக்கும் புள்ளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, நீங்களே அப்படி உருவாக்கியிருக்கிறீர்கள். இப்போது சாதாரணப் பிற்செலவையும் பன்மட்ட மாதிரியுருவையும் ஓட்டி, இரண்டிலும் பி-மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை 1000 தடவை திருப்பிச் செய்யக் கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். சாதாரணப் பிற்செலவு ஏறத்தாழ 250 தடவை ‘பொருண்மை உண்டு’ என்று சொல்லியிருக்கும். திருத்தத்தோடு ஓட்டிய பன்மட்ட மாதிரியுரு 50 தடவைக்கு அருகில் நிற்கும். பிறகு பாடசாலைகளை 8ஆகக் குறைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் மதிப்பிடப்பட்ட பாடசாலை மாறற்றிறன் எத்தனை தடவை பூச்சியத்தில் போய் முட்டுகிறது, எத்தனை தடவை 4ஐத் தாண்டி எங்கோ போகிறது என்று ஒரு வரைபில் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆய்வு முன்மொழிவில் பாடசாலைகளின் எண்ணிக்கையை எழுதும் நாளில் அந்த வரைபையும் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள்.